அறுபது கிலோவை அழித்தவர்

பெயர் வேண்டாம். அவரைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். கேட்பதற்கு இப்போது என்னிடம் எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் ‘கோசோங் அக்கா’ என்றார்கள். மலாயில் கோசோங் என்றால் காலி; ஆக, காலி அக்கா. எந்தப் படிவத்தை நீட்டினாலும் பாதிக் கட்டங்களைக் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுப்பார் என்பதால் வந்த பட்டம். மறைவில் வைத்துக்கொள்ளவில்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். பட்டத்தோடு அவர் சண்டைக்குப் போனதே இல்லை. அவர் போட்ட சண்டைகள் வேறு.

சிங்கப்பூருக்கு அக்கரையில், தெப்ராவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். ஆறு மேசைகள், ஒரு குளிர்சாதனம், பாஸுக்கென்று கண்ணாடி தடுத்த ஓர் அறை. கீழே யாராவது சக்கரத்தின் நட்டைக் கழற்றினால் மேலே எங்கள் விசைப்பலகைகள் அதிரும். சிறிய நிறுவனங்களுக்கு இணையத்தில் ஓடும் நிரல்களை எழுதிக் கொடுத்துப் பிழைத்தோம். கோயிலுக்கு அர்ச்சனைப் பதிவு, தொழிற்சாலைக்கு ஆள் பதிவு, மருந்தகத்துக்கு இருப்புப் பதிவு. அவர் லாயாங் லாயாங்கிலிருந்து வந்தவர், கத்தோலிக்கர், என்னைவிட இரண்டு வயது இளையவர். என்னை அண்ணே என்பார். நான் வாங்க போங்க என்றுதான் பேசுவேன். வயதுக்கான மரியாதை அவரிடமிருந்து எனக்கு வந்தது. வேலைக்கான மரியாதை என்னிடமிருந்து அவருக்குப் போனது. அந்தக் கணக்கில் எங்களுக்குள் குழப்பமில்லை.

பழைய கப்பிச்சாய் மோட்டார் சைக்கிளில் வருவார். இரண்டு கடை தள்ளியிருந்த சாப்பாட்டுக் கடை வாசலில் அதை நிறுத்துவார். உள்ளே தேநீர் ஆற்றுகிற அண்ணனுக்கு யார் என்ன குடிப்பார்கள் என்று தெரியும். ஆள் தலை தெரியும்போதே கோப்பை மேசைக்கு வந்துவிடும். வாடிக்கையாளருக்கு அதைவிடப் பெரிய மரியாதை உண்டா? எனக்கு அது சொந்த வீட்டுக்குள் நுழைவது போல இருக்கும். அவருக்கு அது ஆகாது.

அவர் குடிப்பது தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர். ஒரு மாதம் கவனித்துவிட்டு ஒரு நாள் அந்த அண்ணன் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்.

“யாருக்குண்ணே இது?”

“ஒனக்குத்தான் தங்கச்சி. தெனம் இதானே குடிக்கிற.”

“இன்னிக்கும் இதான் குடிப்பேன். ஆனா நான் இன்னும் சொல்லலியே.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய், தோளில் துண்டைப் போட்டு, பெரிய ஓட்டல் பரிசாரகர் போல வளைந்து வந்து நின்று, “மேடம், என்னா சாப்புடுறீங்க?” என்றார். “தே ஓ கோசோங்” என்றார் இவர். அதே கோப்பை அதே மேசைக்கு வந்தது. அன்றிலிருந்து தினமும் இந்த நாடகம் நடந்தது. பார்ப்பதற்கென்றே பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்த நாட்கள் உண்டு. ஆறிப்போகிறதே, குடித்துத் தொலையுங்களேன் என்று எரிச்சல் வந்த நாட்களும் உண்டு.

நிரல் எழுதாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் மனிதர்களை வகுப்புகளாக எழுதுகிறோம். வகுப்பு என்றால் ஓர் அச்சு. நோயாளிக்கு ஓர் அச்சு, தொழிலாளிக்கு ஓர் அச்சு. அச்சில் சில குழிகள் இருக்கும்: பெயர், வயது, எடை. புதிதாக ஒருவர் வந்தால் அச்சிலிருந்து ஒரு நகல் எடுத்து, குழிகளில் அவருடைய விவரங்களை ஊற்றுவோம். விவரம் வந்து சேராவிட்டால் நிரல் தடுக்கி விழும், திரை சிவந்துபோகும். விழாமலிருக்க, குழிகளில் முன்கூட்டியே எதையாவது வைத்துவிடுவோம். டிஃபால்ட் என்பது அதுதான். ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு, ஓர் அரைப்புள்ளி. எழுத மூன்று விநாடி ஆகாது. உலகத்தில் பாதி அந்த மூன்று விநாடியில் எழுதப்பட்டது என்று சில வேளை எனக்குத் தோன்றும்.

எங்கள் நிரல்மொழியில் இன்னொரு வழியும் உண்டு. குழியை வெட்டி, இதில் எண் வரும் என்று மட்டும் எழுதிவிட்டு, எந்த எண் என்று எழுதாமல் விடலாம். அப்படி விட்ட குழியை யாராவது மதிப்பு வருவதற்கு முன்பே தொட்டால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ‘இன்னும் மதிப்புத் தரப்படவில்லை, தொடாதே’ என்று திரையில் எழுதும். எங்களுக்கெல்லாம் அது ஒரு பிழைச் செய்தி. அவருக்கு அது பிடித்தமான வாக்கியம். திரையில் அது வரும்போது கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, தெரிந்தவர் குரல் கேட்டவர் போல நின்று படிப்பார்.

“இதுக்கு மட்டும்தான்ணே பொய் சொல்லத் தெரியல” என்றார் ஒருமுறை.

கோயில் அர்ச்சனைப் பதிவை எழுதியது எங்கள் பாஸ். நல்ல மனிதர், அவசரக்காரர். அர்ச்சனை என்ற வகுப்பில் நட்சத்திரத்துக்கு டிஃபால்ட்டாக அஸ்வினியை வைத்துவிட்டார். பட்டியலில் முதலில் இருப்பது அதுதானே. பதிவு செய்கிற பக்தர்களோ பெயரை எழுதிவிட்டு, ஏற்கனவே நிரம்பியிருந்த கட்டத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டார்கள். இரண்டு வாரம் குருக்கள் பொறுமையாக இருந்திருக்கிறார். மூன்றாவது வாரம் தொலைபேசியில் வந்தார். தெப்ராவ் வட்டாரம் முழுக்க அஸ்வினியில்தான் பிறந்திருக்கிறதா, மற்ற இருபத்தாறு நட்சத்திரத்துக்காரர்களும் சிங்கப்பூருக்குக் குடிபோய்விட்டார்களா என்று கேட்டார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கோசோங் அக்கா சிரிக்காமல் பாஸின் அறை வாசலில் போய் நின்றார். “எங்க சாமியா இருந்தா நட்சத்திரம் கேக்க மாட்டாரு. உங்க சாமி கேக்குறாருன்னா, அந்த ஆளைத்தானே பாஸ் கேக்கணும்?”

அன்று மதியமே அஸ்வினியை அழித்தார். நட்சத்திரம் சொல்லாவிட்டால் பதிவு நகராது. மறுவாரம் வேறு புகார் வந்தது: பலருக்குத் தங்கள் நட்சத்திரம் தெரியாது. பழையபடியே வைத்துவிடலாம் என்றார் பாஸ். இவர் மாட்டேன் என்று, பட்டியலில் இருபத்தெட்டாவதாக ஒன்றைச் சேர்த்தார்: ‘தெரியாது’. தெரியாது என்பதும் ஒருவர் வாயைத் திறந்து சொல்கிற பதில், அதற்கும் ஓர் இடம் கொடுங்கள் என்றார். சொல்லாமல் இருப்பது வேறு, தெரியாது என்று சொல்வது வேறு, இரண்டையும் அஸ்வினியில் கொண்டுபோய்ப் போடாதீர்கள் என்றார். குருக்களுக்கு அது பிடித்துப்போயிற்று. தெரியாதவர்களுக்கு சுவாமி பெயரிலேயே அர்ச்சனை செய்துவிடுகிறேன், அதற்கு முறை உண்டு என்று சொல்லி அனுப்பினார்.

பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசித் தொழிற்சாலைக்குச் செய்த வேலையும் இப்படித்தான் ஆனது. ஆள் பதிவில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் மகன் என்பதற்கான ‘ஆ லெ’ டிஃபால்ட்டாக உட்கார்ந்திருந்தது. தோல் சீவும் பிரிவுப் பெண்கள் நாற்பது பேருக்கும் நுழைவட்டையில் மகன் என்றே அச்சாகி வந்துவிட்டது. அட்டையைக் கழுத்தில் மாட்டிப் பார்த்த ஓர் அம்மாள், “பரவால்ல விடுங்க தம்பி, அப்படியே ஆம்பளைங்களுக்குக் குடுக்குற வேலையும் சேத்துக் குடுத்துருங்க, உக்காந்துக்கிட்டே பாப்போம்” என்றார். அந்தச் சிரிப்பில் கோசோங் அக்காவும் கலந்துகொண்டார், எல்லோரையும்விட உரக்க. சிரித்து முடித்துவிட்டு ஒவ்வொரு பெண்ணிடமும் போய், உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். நாற்பது பேரையும் கேட்டார். மகள் என்று மாற்றி ஒரே வரியில் எல்லோரையும் திருத்தியிருக்கலாமே என்றேன். முறைத்தார். இருவர் அப்பா பெயரே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று அலுவலகத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அவருடைய அடையாள அட்டையில் ஏதோ தவறாக ஏறிவிட்டதாம். வீட்டில் கேட்காமலே நிச்சயம் செய்துவிட்டார்களாம், அதிலிருந்து இப்படியாம். ஒரு நாள் துணிந்து நானே கேட்டேன். கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினார்.

“ஒரு பொம்பள பிடிவாதமா இருந்தா அதுக்குப் பின்னாடி ஒரு சோகம் இருக்கணும்னு யாருண்ணே சொன்னா? அதுவும் நீங்க வச்ச டிஃபால்ட்தான்.”

அதன் பிறகு கேட்கவில்லை.

எல்லா டிஃபால்ட்டுக்கும் அவர் எதிரி என்று எழுதினால் அது பொய். பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு, ஒரு பட்டியலில் எத்தனை வரிகள் என்பதற்கெல்லாம் அவரே தாராளமாக மதிப்பு வைப்பார். “பக்கத்துக்கு வைங்க, மனுஷனுக்கு வைக்காதீங்க” என்பார். அவ்வளவுதான் அவருடைய சட்டம். அந்த ஒரு வரிச் சட்டத்தால் எங்கள் வேலைகள் தாமதமாயின, வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள், ஆண்டு முடிவு விருந்தில் பாஸ் அவருக்கு எழுதாத வாழ்த்து அட்டை ஒன்றை உறையில் போட்டுக் கொடுத்தார். பிரித்துப் பார்த்துவிட்டு, “இதான் பாஸ் நீங்க எனக்குக் குடுத்ததுலயே உண்மையானது” என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு அந்த டயாலிசிஸ் நிலையத்தின் வேலை வந்தது.

சிறுநீரகம் நின்றுபோனவர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் சாய்வு நாற்காலியில் படுத்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம். உடம்பில் தேங்கிய நீரையும் அந்த இயந்திரம்தான் எடுக்கும். எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. தேங்கிய நீரெல்லாம் போன பிறகு ஒருவர் எத்தனை கிலோ இருக்க வேண்டுமோ, அதை அங்கே டிரை வெயிட் என்பார்கள். வந்தபோது இருக்கும் எடையிலிருந்து டிரை வெயிட்டைக் கழித்தால் எடுக்க வேண்டிய நீர். எங்கள் நிரல் செய்ய வேண்டியது அந்தக் கழித்தலைத்தான்.

நோயாளி என்ற வகுப்பை எழுதியவன் நான். டிரை வெயிட் இல்லாதபோது திரை சிவந்துகொண்டே இருந்தது. சோதித்துப் பார்க்கக்கூட விடவில்லை. சமக்குறி போட்டு அறுபது என்று எழுதினேன். அப்போது என் எடை அதுதான்.

மறுநாள் காலை அந்த அறுபது காணாமல் போயிருந்தது.

நிரலில் எதை மாற்றினாலும் அதோடு ஒரு வரிக் குறிப்பு எழுதிச் சேமிப்பது எங்கள் வழக்கம். யார், எப்போது, என்ன மாற்றினார் என்று அந்தப் பதிவேட்டில் நிற்கும். பிறகு யாராலும் மறைக்க முடியாது. அவர் குறிப்பு: ‘யாருடைய எடை இது?’ நான் திரும்பவும் அறுபதைச் சேர்த்து எழுதினேன்: ‘சோதனைக்கு மட்டும்.’ அவர் அழித்தார்: ‘சோதனைக்கு உட்காருகிறவருக்கும் உடம்பு இருக்கிறது.’ நான் சேர்த்தேன்: ‘பாஸ் சொன்னார்.’ அவர் அழித்தார்: ‘பாஸின் எடை எவ்வளவு?’ இப்படிப் பதினோரு முறை. பேசிக்கொள்ளாமல், அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஒரே வரியை அழித்தும் எழுதியும் நடத்திய யுத்தம். மதியம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடப் போனோம்.

சாப்பாட்டு மேசையில் ஒரு நாள் சொன்னார். “எதையாவது வச்சே ஆகணும்னா தொள்ளாயிரம்னு வைங்கண்ணே. தொள்ளாயிரம் கிலோ மனுஷன் கெடையாதுன்னு பாத்தவுடனே தெரியும். அறுபது அப்படி இல்ல. அது நம்ம எல்லாரு மாதிரியும் இருக்கு.”

கேட்டேன். தலையைக்கூட ஆட்டினேன்.

நிலையத்தின் இயக்குநர்கள் நிரலைப் பார்க்க வரும் நாளில் அவர் விடுப்பில் இருந்தார். லாயாங் லாயாங் தேவாலயத்தில் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். போவதற்கு முன்னால் அறுபதை அழித்துவிட்டுத்தான் போயிருந்தார். காலையில் பாஸ் என் மேசைக்கு வந்து, இன்றைக்கு மட்டும் சிவப்பு கண்ணில் படக்கூடாது என்றார். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை, சாதாரணமாகச் சொன்னார். நானும் சாதாரணமாகவே செய்தேன். சமக்குறி, அறுபது, அரைப்புள்ளி. பன்னிரண்டாவது முறை. குறிப்பு எழுதும் இடத்தில் ‘தற்காலிகம்’ என்று போட்டேன். இயக்குநர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பதிப்பையே அன்று மாலை தெப்ராவ் நிலையத்தில் ஒரு வார ஒத்திகைக்கு நிறுவிவிட்டார்கள். தற்காலிகம் என்ற சொல்லைப் போல நிரந்தரமான ஒன்றை நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

நான்காவது நாள் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர். குளுவாங்கில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர், மகள் வீட்டுக்குக் குடிவந்ததால் இங்கே மாறியிருந்தார். பழைய நிலையத்தின் கோப்பு இன்னும் வந்து சேரவில்லை. அன்று பணியிலிருந்த தாதி, எங்கள் பேச்சில் மிஸ்ஸி, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண், பெயரைப் பதிந்தார். எடைக்கருவியில் நிறுத்தினார்: அறுபத்து நான்கு. டிரை வெயிட் கட்டத்தில் அறுபது என்று ஏற்கனவே இருந்தது. மருத்துவர் அனுப்பியதுதான் வந்து சேர்ந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார். நான்கு லிட்டர் எடு என்றது எங்கள் நிரல்.

மூன்றாவது மணி நேரத்தில் அவருடைய கெண்டைக்கால்கள் இழுத்துக்கொண்டன. வியர்த்துக் கொட்டியது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போய்க் கண்கள் செருகின. அந்த மிஸ்ஸிதான் நாற்காலியை மல்லாத்தி, காலை உயர்த்தி, உப்புநீரை ஏற்றி ஆளைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

செய்தி எங்களுக்கு மறுநாள் வந்தது. கோசோங் அக்கா அப்போது திரும்பியிருந்தார். பதிவேட்டைத் திறந்து என் பன்னிரண்டாவது அறுபதைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “வாங்கண்ணே, போயிட்டு வந்துருவோம்” என்று தலைக்கவசத்தை எடுத்தார். ஆனால் என் காரில்தான் போனோம்.

லாரி ஓட்டுநர் கவனிப்புக்காக அன்றும் வரவழைக்கப்பட்டிருந்தார். இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் யார் என்று சொன்னார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அண்ணே, உங்க டிரை வெயிட் எவ்வளவு?”

“அறுபத்திரெண்டரை.” யோசிக்கவே இல்லை அவர். பிறந்த தேதியைச் சொல்வது போல வந்தது. “மூணு வருசமா அதான். டயாலிசிஸ் பண்றவன் எவனைக் கேட்டாலும் தூக்கத்துல சொல்வான் லா. இங்க யாரும் கேக்கல.”

எடுத்திருக்க வேண்டியது ஒன்றரை லிட்டர். நாங்கள் எடுத்தது, நிறுத்துவதற்குள், மூன்று.

மருந்து அறைப் பக்கம் நின்றிருந்த மிஸ்ஸி எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அழவில்லை. கோபம்தான் இருந்தது, எங்கள் மீது, எல்லோர் மீதும். “கட்டம் காலியா இருந்தா நானே கேட்டிருப்பேன் கா. நெறஞ்சிருந்துச்சு” என்றார்.

அவருக்கு எதிராக எச்சரிக்கைக் கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது. நிலையப் பொறுப்பாளரான தலைமைத் தாதி, சிஸ்டர், கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. தற்காலிக நியமனத்தில் இருப்பவருக்கு அந்தக் கடிதம் ஒன்று போதும், வேலை போய்விடும். கையெழுத்துக்கு முன்னால் சிஸ்டர் எங்களிடம் எழுத்து மூலமாக விளக்கம் கேட்டிருந்தார்: அறுபது எங்கிருந்து வந்தது?

அலுவலகத்துக்குத் திரும்பியபோது பாஸ் அதற்குப் பதிலை எழுதி வைத்திருந்தார். பயனர் மதிப்பைச் சரிபார்க்கத் தவறியுள்ளார், நிரலில் குறை எதுவுமில்லை. கீழே மூன்று கையெழுத்துக்கு இடம்: நிரல் எழுதியவர், சரிபார்த்தவர், எங்கள் நிறுவனத்தின் இயக்குநர். ஒரு மிஸ்ஸிக்கு வேறு நிலையத்தில் வேலை கிடைத்துவிடும், நமக்கு இந்த ஒப்பந்தம் போனால் ஆறு மேசையும் காலி என்று பாஸ் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நியாயம் மாதிரியே இருந்தது. அறுபது மாதிரி.

கோசோங் அக்கா அந்தத் தாளை மடித்துப் பாஸின் மேசையிலேயே வைத்தார். தன் இடத்துக்குப் போய் வேறொன்றைத் தட்டச்சு செய்து எடுத்தார். மூன்று வாக்கியம். டிரை வெயிட் கட்டத்தில் இருந்த அறுபது எங்கள் நிரலில் நாங்கள் எழுதியது. தாதி அதை எழுதவில்லை; மருத்துவரும் எழுதவில்லை. நோயாளியைக் கேட்க வேண்டிய இடத்தை நாங்கள் முன்கூட்டியே நிரப்பிவிட்டோம். கீழே அதே மூன்று இடங்கள்.

‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். அவர் சரிபார்க்கவில்லை, ஊரிலேயே இல்லை என்று எனக்குத் தெரியும். “நீங்க அழிச்சுட்டுத்தானே போனீங்க” என்றேன்.

“அழிச்சேன். ஆனா பூட்டாம போயிட்டேன்ல.”

தாளை என் மேசையில் வைத்தார். நிரல் எழுதியவர் என்ற இடம் காலியாக இருந்தது. பதிவேட்டில் என் பெயர் பன்னிரண்டு இடத்தில் நிற்கிறது; அதைப் பார்த்து அவரே எழுதியிருக்கலாம். யாரும் தவறென்று சொல்ல மாட்டார்கள். அது உண்மைதானே.

“உங்க பேரை நான் போட மாட்டேண்ணே. போடணும்னா நீங்க போடுங்க. போடலைன்னா அப்படியே காலியாத்தான் போகும். அதுவும் ஒரு பதில்தான்.”

கண்ணாடி அறைக்குள்ளிருந்து பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், நாற்பத்தைந்து வயதில் இன்னொரு மேசையைத் தேடும் பயம் இருந்தது. ஒவ்வொன்றும் சாமர்த்தியமாக என்னைப் பேசவிடாமல் எனக்கான பதிலைத் தானே நிரப்பப் பார்த்தது. கீழே டயர் கடையில் நட்டுக் கழற்றும் துப்பாக்கி ஒரு முறை சீறி நின்றது. அந்த மிஸ்ஸிப் பெண் கேட்டிருப்பாள். காலியாக இருந்தால் கேட்டிருப்பாள். நான்தான் அவள் வாயை அடைத்தேன், ஒரு சமக்குறியால்.

எழுதினேன். முழுப் பெயரையும், அப்பா பெயரோடு, அடையாள அட்டையில் இருப்பது போல.

அவர் வாசித்துப் பார்த்தார். எடுத்துக்கொண்டு நேராகக் கண்ணாடி அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை, அதனால் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் கம்பெனி இருக்காது என்றார் பாஸ். இதை வெளியே கொண்டுபோனால் நாளையிலிருந்து நீ வரத் தேவையில்லை என்றார். உன்னோடு சேர்ந்து போட்டவனுக்கும் அதேதான் என்றார். அவ்வளவு காலத்தில் பாஸ் அவரை ஒருமையில் பேசியது அன்றுதான்.

“சரி பாஸ். நாளைக்கு வரல. இந்த மூணாவது இடம் உங்களுது. நான் நிரப்ப மாட்டேன்.”

அப்படியே கொண்டுபோனோம். சிஸ்டர் அறுபதை நெருங்கும் சீன அம்மாள், எஸ்டேட் மருத்துவமனையில் வேலை பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். நின்றுகொண்டே வாசித்தார். இரண்டாவது முறை உட்கார்ந்து வாசித்தார். அவர் மேசையில் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது, மேலே பேனா இருந்தது. கதவருகே அந்த மிஸ்ஸி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போகச் சொல்லியும் போகவில்லை.

சிஸ்டர் விரலை மூன்றாவது இடத்தில் வைத்தார். “இவரு ஏன் சைன் பண்ணல?”

ஆயிரம் சொல்லியிருக்கலாம். எனக்கே வாய் வரைக்கும் வந்தது. கோசோங் அக்கா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

“அதை நாங்க சொல்லக்கூடாது சிஸ்டர். அவரையே கேளுங்க.”

சிஸ்டர் எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து, எங்கள் பாஸின் எண்ணை அழுத்தினார்.